நாயா, ஓநாயா?

2013-ம் ஆண்டு ஜனவரி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் நார்ஃபோக் நகரம். பட்டப்பகலில் அவசர உதவி எண்ணான 911-க்கு ஒரு போன். கோலி அவென்யூ சாலையில் சிங்கக்குட்டி ஒன்று ஓடுகிறது என்றது அந்தக் குரல். கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன், அதே சிங்கக்குட்டி. பார்த்தவர்களில் ஒருவர் அளவைக்கூடச் சொன்னார். லாப்ரடார் நாய் அளவு இருக்குமாம்.

அளவு கிட்டத்தட்ட சரிதான். ஓடியது சார்லி. லாப்ரடாரும் பூடுலும் கலந்த லாப்ரடூடுல் நாய். அந்த ஊர் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தின் சின்னம் சிங்கம். அதன்மேல் இருந்த பாசத்தில், சார்லியின் உடம்பு முடியை ஒட்ட வெட்டி, கழுத்தைச் சுற்றி மட்டும் பிடரிபோல விட்டு, வால் நுனியில் குஞ்சமும் வைத்து வளர்த்திருந்தார்கள். ஓடுகிற காரிலிருந்து ஒரு பார்வை பார்த்தால் யாருக்கும் சிங்கக்குட்டி என்றுதான் தோன்றும்.

போலீஸ் அடுத்து செய்த காரியம் முக்கியமானது. வர்ஜீனியா உயிரியல் பூங்காவுக்குப் போன் போட்டு, உங்கள் சிங்கங்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்டது. இருக்கின்றன என்று பதில் வந்தது. அப்புறம்தான் சார்லி யார் என்ற விவரம் தெரிந்து, ஊரே சிரித்தது. ஒரு போன், ஒரு கேள்வி, சில நிமிடக் காத்திருப்பு. சார்லி வழக்கம்போல வீட்டுக்குப் போனான்.

அதே 2013-ம் ஆண்டு நவம்பரில், நாட்டின் இன்னொரு கோடியில், லிட்டில் டேவுக்கு அந்தச் சில நிமிடம் கிடைக்கவில்லை.

மொன்டானா மாநிலத்தின் லோலோ கணவாய்ப் பகுதி. பனி மூடிய காட்டுப் பாதையில் ஒருவர் தன் 3 மாலம்யூட் நாய்களோடு பனிச்சறுக்கிச் சென்றுகொண்டிருந்தார். மாலம்யூட் என்பது அலாஸ்காவில் பனிவண்டி இழுத்த இனம். அடர்ந்த சாம்பல் முடி, அகன்ற மார்பு, நிமிர்ந்த காது. அதில் ஒன்றுதான் லிட்டில் டேவ். கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டியிருந்தது. ஓநாய் வேட்டைக்கு அனுமதி உள்ள பருவம் அது. வேட்டைக்காரர் ஒருவர் சுட்டார். கத்தக் கத்தச் சுட்டார் என்றார் நாயை வளர்த்தவர். ஓநாய் என்று நினைத்துவிட்டேன் என்பதுதான் சுட்டவரின் பதில். வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

ஓநாய் கழுத்தில் எங்கேயாவது விளக்கு எரியுமா? இந்தக் கேள்வியை அன்று மொன்டானாவில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் துப்பாக்கியின் குறிநோக்கி வழியாகப் பார்க்கிற கண்ணுக்கு, அது தேடி வந்தது மட்டுமே தெரியும். ஓநாயைத் தேடி காட்டுக்குள் வந்தவருக்குச் சாம்பல் நிறத்தில் அசைகிற எதுவும் ஓநாய்.

9 வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், அதே மொன்டானாவில் அதைவிடக் கொடுமையான ஒன்று நடந்தது. ஃபிளாட்ஹெட் தேசியக் காட்டில் வேட்டைக்குப் போன ஒரு பெண், ஓநாய்க்குட்டி என்று நம்பி ஒன்றைச் சுட்டார். தோலை உரித்தார். உரித்த தோலைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து இணையத்தில் பெருமையாகப் போட்டார். படத்தைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது ஹஸ்கி நாய்க்குட்டி. அந்தப் பகுதியில் யாரோ கொண்டுவந்து கைவிட்டுப் போன ஹஸ்கி, ஷெப்பர்டு கலப்பு நாய்க் கூட்டத்தில் ஒன்று. முதலில் வளர்த்தவர்கள் காட்டில் விட்டார்கள். காட்டில் விடப்பட்ட ஒரே காரணத்தால் அது காட்டு விலங்காகிவிட்டது, பார்த்தவர் கண்ணில்.

மொன்டானாவில் கருங்கரடி வேட்டைக்கு உரிமம் வேண்டும் என்றால் ஒரு தேர்வு எழுத வேண்டும். கருங்கரடியையும், பாதுகாக்கப்பட்ட கிரிஸ்லி கரடியையும் படத்தில் பார்த்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஓநாய் வேட்டைக்கு அப்படி ஒரு தேர்வு அப்போது இல்லை. கரடியைக் கரடியிலிருந்து பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுத்த அரசு, ஓநாயை நாயிலிருந்து பிரித்துச் சொல்ல யாரையும் கேட்கவில்லை. இது ஒரு தனிப் பெண்ணின் அறியாமையோடு முடிகிற விஷயம் இல்லை.

பிரித்துச் சொல்வது அவ்வளவு கஷ்டமா? தெரிந்தவர்களுக்குக் கஷ்டமில்லை. வளர்ந்த ஓநாயின் கண் மஞ்சள், தேன் நிறம், இளம்பழுப்பு என்று போகும். நீலக் கண் இருந்தால் அது நாய் இரத்தம். ஹஸ்கியின் வால் முதுகின் மேல் சுருண்டு நிற்கும், ஓநாயின் வால் நேராகத் தொங்கும். ஓநாய்க்குக் கால் நீளம், மார்பு ஒடுக்கம், பாதம் மிகப் பெரிசு. நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காலின் தடத்திலேயே விழுந்து, ஒரே கோடு போட்டதுபோலப் போகும். வீட்டு நாய் இங்கே மோந்து, அங்கே துள்ளி, பாதை முழுக்கக் கோலம் போட்டுவிட்டுப் போகும். எல்லாம் சரி. ஆனால் இதையெல்லாம் பார்க்க நின்று பார்க்க வேண்டும். 200 அடி தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், பயந்துபோன கண்ணால் பார்க்க முடியாது.

வேட்டைக்காரர்களாவது காட்டில் இருக்கிறார்கள். நகரத்தில், அதற்கென்றே சம்பளம் வாங்குகிற அலுவலர்கள் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது?

கூண்டுக்குள் வந்த சந்தேகம்

கொலராடோ மாநிலம், டென்வரை ஒட்டிய அரோரா நகரம். 2012-ம் ஆண்டின் தொடக்கத்தில் கேபோன் என்ற நாய் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. வீட்டாருக்கு அது ஷெப்பர்டு கலப்பு நாய். பிடித்துக்கொண்டு போன நகர விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு அது ஓநாய்க் கலப்பு. அரோராவில் ஓநாய்க் கலப்பை வளர்ப்பது சட்டப்படி தடை. ஆகவே கேபோன் வீட்டுக்குத் திரும்பவில்லை, கூண்டில் இருந்தது. நேரில் பார்த்து எடைபோட்டதிலும் ஓநாய்க் கலப்பு என்ற முடிவே வந்தது. வீட்டார் விடவில்லை. மரபணுப் பரிசோதனை கேட்டார்கள். கேபோனின் உயிருக்காக ஆயிரக்கணக்கானோர் குரல் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் யூ.சி. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபணு ஆய்வகத்துக்கு மாதிரி போனது. பதில் வந்தது: ஓநாய் இல்லை, நாய். சில வாரச் சிறைக்குப் பிறகு கேபோன் வீடு திரும்பியது.

கொலராடோவில் ஓநாய்க் கூட்டங்களை 1940-களிலேயே சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்துவிட்டார்கள். 2023 டிசம்பரில்தான், மக்கள் வாக்கெடுப்பின்படி, ஒரேகானிலிருந்து 10 ஓநாய்களைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். 2012-ல் அரோராவின் புறநகர்த் தெருவில் ஒரு காட்டு ஓநாய் நடந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் தனியார் பண்ணைகள் ஓநாய்க் கலப்புக் குட்டிகளை விற்பது அமெரிக்காவில் நடக்கிற வியாபாரம். அதனால் அலுவலர்களின் சந்தேகத்தை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் சந்தேகப்பட்டதில் தவறில்லை. சந்தேகத்தையே தீர்ப்பாக எழுதியதுதான் தவறு.

கூண்டில் வைத்து நடத்தையை எடைபோடுவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வீட்டுச் சோபாவில் படுத்துத் தூங்கிய ஒரு நாயைக் கழுத்தில் சுருக்குக் கம்பி போட்டு இழுத்து, வண்டியில் ஏற்றி, சிமென்ட் தரையும் இரும்புக் கம்பியும் உள்ள அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால் அது எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் நாய்களின் ஓலம். டெட்டால் வாடை. முன்பின் பார்த்திராத முகங்கள். மூலையில் போய் ஒடுங்கும். கண்ணைப் பார்க்காது. கிட்டே போனால் உதட்டை மடித்துப் பல்லைக் காட்டும். இராத்திரி முழுக்க அந்த நாலு சுவருக்குள் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டே இருக்கும். வைத்த சாப்பாட்டைத் தொடாது. காட்டு விலங்கு எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் இதே பட்டியலைத்தான் சொல்வார்கள். அச்சத்துக்கும் காட்டுத்தனத்துக்கும் வெளித்தோற்றம் ஒன்று.

அந்த நாயின் பெயரை அறிந்தவர் யாராவது கூண்டுக்கு முன்னால் வந்து ஒருமுறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். வளர்த்தவரை முதல் நாளே உள்ளே விட்டுப் பார்ப்பது ஒரு பரிசோதனை. பணம் ஆகாத பரிசோதனை.

கண் பார்த்து இனம் சொல்வது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 4 காப்பகங்களில் 120 நாய்கள். அன்றாடம் நாய்களோடு புழங்குகிற ஊழியர்கள், அவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு, ஒவ்வொரு நாயையும் பார்த்து இனம் எழுதினார்கள். 62 நாய்களுக்கு அவர்களில் யாராவது ஒருவராவது பிட்புல் வகை என்று எழுதியிருந்தார்கள். மரபணுவில் அந்த இரத்தம் இருந்தது 25 நாய்களுக்கு. 2015-ல் வெளியான ஆய்வு இது. ஒரு வீட்டு நாய் இனத்தை இன்னொரு வீட்டு நாய் இனத்திலிருந்து பிரிப்பதிலேயே இவ்வளவு தடுமாற்றம். ஆனால் காப்பகத்தின் வருகைப் பதிவேட்டில் முதலில் எழுதப்படுகிற அந்த ஒற்றைச் சொல்தான், நாயைத் தத்துக் கொடுக்கலாமா, திருப்பி அனுப்பலாமா, ஊசி போட்டு முடித்துவிடலாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓநாய் என்று எழுதிவிட்டால் அதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்து வருகிறது. அது ரேபிஸ். நாய்களுக்குப் போடுகிற ரேபிஸ் தடுப்பூசி அமெரிக்காவில் ஓநாய்க் கலப்புக்கு என்று அங்கீகரிக்கப்படவில்லை. ஊசி போட்டிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் போடாதது மாதிரிதான். ஒரு வீட்டு நாய் யாரையாவது கடித்தால் 10 நாள் கட்டிவைத்துக் கவனிப்பார்கள். நன்றாக இருந்தால் விட்டுவிடுவார்கள். ஓநாய்க் கலப்பு என்று பெயர் வாங்கிய ஒன்று கடித்தால், கையில் சின்னக் கீறல் என்றாலும், அந்த 10 நாள் சலுகை கிடைப்பது கடினம். விலங்குக்கு ரேபிஸ் இருக்கிறதா என்று உறுதி செய்ய மூளைத் திசுவைப் பரிசோதிக்க வேண்டும். அதாவது கொன்ற பிறகுதான் தெரியும். ஒரே பற்கள், ஒரே கீறல். பெயர் மட்டும் வேறு.

ஒரே வம்சம், இரண்டு பெயர்

தமிழ் இந்த உறவை முன்பே கவனித்திருக்கிறது. ஓநாய், செந்நாய் என்று நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே நாய் இருக்கிறது. நீர்நாய், மரநாய் என்று வேறு குடும்பத்து விலங்குகளுக்கும் அதே பெயரை நீட்டினார்கள் என்பது வேறு விஷயம். ஓநாய் விஷயத்தில் அறிவியல் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது. தாய்வழி மரபணுவில் நாய்க்கும் ஓநாய்க்கும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 0.2 சதவிகிதம் என்று 1993-ல் கணக்குச் சொன்னார்கள். ஓநாய்க்கும், வட அமெரிக்காவின் சின்ன ஓநாயான கொயோட்டிக்கும் இடையே இருப்பது 4 சதவிகிதம். நாய், ஓநாய், கொயோட்டி மூன்றுக்கும் 78 குரோமோசோம்கள். மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி போட முடியும், அந்தக் குட்டிகளும் குட்டி போடும்.

வட அமெரிக்கக் காட்டில் கன்னங்கரேலென்று ஓநாய்கள் உண்டு. யெல்லோஸ்டோன் பூங்காவில் அவற்றைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். அந்தக் கறுப்பு ஓநாய்க்கு எப்படி வந்தது என்று தேடியவர்கள் 2009-ல் பதிலைக் கண்டுபிடித்தார்கள். நாய்களிடமிருந்து. எப்போதோ பழங்குடி மக்களின் நாயும் ஓநாயும் சேர்ந்ததில் அந்த மரபணு ஓநாய்க் கூட்டத்துக்குள் போய்த் தங்கிவிட்டது. காட்டின் அடையாளம் என்று மனிதர்கள் வியந்து பார்க்கிற கறுப்பு, வீட்டு நாயின் சொத்து.

எதிர்ப்பக்கத்தில், ஓநாயின் தோற்றத்தை வேண்டுமென்றே நாய்க்குக் கொடுத்தவர்களும் உண்டு. 1950-களின் செக்கோஸ்லோவாகியாவில், எல்லைக் காவல் படைக்காக ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பேதிய ஓநாயையும் சேர்த்துப் பார்த்தார் கரெல் ஹார்ட்ல். பிரிட்டா என்ற பெண் ஓநாய்க்கும் செசார் என்ற நாய்க்கும் 1958-ல் முதல் குட்டிகள் பிறந்தன. இன்றைக்கு அது செக்கோஸ்லோவாகிய ஓநாய்நாய் என்று உலக நாய்ச் சங்கம் ஏற்றுக்கொண்ட இனம். பார்க்க அச்சு அசல் ஓநாய். அதோடு, கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் முதல் பருவத்தில் ராட்சத ஓநாய்களாக நடித்தவை நார்தர்ன் இன்யூட் என்ற வீட்டு நாய்கள். தொடரைப் பார்த்தவர்களுக்கு ஹஸ்கி மோகம் பிடித்தது. வாங்கியவர்களில் பலருக்கு, தினமும் மணிக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு நாயை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. தெருவிலும் காட்டோரத்திலும் விட்டார்கள். ஓநாய்போல இருக்கிறது என்பதற்காகவே வாங்கப்பட்டு, ஓநாய்போல இருக்கிறது என்பதற்காகவே சுடப்படும் நாய்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆள் இல்லாத இடத்தில் இயந்திரமே முடிவெடுக்கும் கதையும் இருக்கிறது. 2017 மார்ச் 16, ஐடஹோ மாநிலத்தின் பொக்கட்டெல்லோ. 14 வயதுப் பையன் தன் லாப்ரடார் கேசியோடு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குன்றில் நடந்தான். தரையில் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய்முனைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டான். அது எம்-44. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இயங்கும் வைல்டுலைஃப் சர்வீசஸ் அமைப்பு கொயோட்டிகளைக் கொல்ல நட்டு வைத்த சயனைடு பொறி. வாடைக்கு இழுத்து, வாயால் கவ்வினால் சயனைடைத் தெறிக்கிற சாதனம். பையனுக்கு உடல்நிலை பாதித்தது, உயிர் தப்பினான். கேசி அவன் கண் முன்னாலேயே துடித்துச் செத்தது.

அந்த அமைப்பு ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொல்கிறது. பொறிக்குக் கொயோட்டியின் மூக்கும் கேசியின் மூக்கும் ஒன்று. அலுவலரிடமாவது கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று கெஞ்சலாம். பின்னர் அந்தக் குடும்பம் வழக்குப் போட்டு, அரசு தன் கவனக்குறைவை ஏற்றுக்கொண்டு 38,500 டாலர் கொடுத்தது. 2023-ல் மத்திய நில மேலாண்மைத் துறை தன் நிலங்களில் எம்-44-ஐத் தடை செய்தது.

பெயர்ப்பலகையை நம்பி

தவறு மறுபக்கமாகவும் நடக்கும். காட்டு விலங்கை நாய் என்று நம்பி வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெரு நாட்டின் லீமா நகரில் ஒரு குடும்பம் 50 சோல் கொடுத்து ஹஸ்கி குட்டி என்று ஒன்றை வாங்கியது. ரன் ரன் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் தெரு நாய்களோடு விளையாடியது. வளர வளர அக்கம்பக்கத்துக் கோழிகளும் கினிப்பன்றிகளும் காணாமல் போயின. அது ஆண்டிஸ் மலை நரி. 2021-ல் வனத்துறை பிடித்து உயிரியல் பூங்காவில் சேர்த்தது. வளர்த்த குடும்பம் அழுதது. நரியைக் காட்டிலிருந்து திருடி ஹஸ்கி என்று விற்றவர் யார் என்ற கேள்வி அந்த அழுகையில் அமுங்கிப்போனது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் லுவோஹே நகர உயிரியல் பூங்காவில், 2013 ஆகஸ்டில், ஆப்பிரிக்கச் சிங்கம் என்று எழுதிய கூண்டுக்கு முன்னால் ஒரு தாயும் மகனும் நின்றார்கள். பையனுக்கு விலங்குகளின் சத்தத்தை அம்மா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் இருந்தது குரைத்தது. திபெத்திய மாஸ்டிஃப் நாய். சிங்கத்தை இனப்பெருக்கத்துக்காக வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு ஊழியரின் நாயை அந்தக் கூண்டில் வைத்திருந்ததாகப் பூங்கா விளக்கம் சொன்னது. எத்தனை பேர் அதுவரை பலகையைப் படித்து, சிங்கத்தைப் பார்த்த திருப்தியோடு நகர்ந்திருப்பார்கள்!

கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஒரு காபி விவசாயி 2019-ல் தன் நாய் புல்புலுக்குத் தலைச்சாயத்தால் புலிக்கோடு வரைந்தார். தோட்டத்தை நாசம் செய்த குரங்குகள் புலி என்று நம்பி ஓடின. கண் ஏமாறுவது மனிதனுக்கு மட்டும் உள்ள குறை இல்லை.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பெயர்ச் சிக்கல் கண்டம் தழுவியது. 2019 ஆகஸ்டில் விக்டோரியா மாநிலத்தின் வாண்டிலிகாங் ஊரில் ஒரு வீட்டுப் பின்முற்றத்தில் குட்டி ஒன்று அனாதையாகக் கத்திக்கொண்டிருந்தது. முதுகில் நகக்கீறல். ஏதோ ஒரு பெரிய பறவை தூக்கிவந்து தவறவிட்டிருக்க வேண்டும். நாய்க்குட்டியா, நரிக்குட்டியா என்று வீட்டாருக்குக் குழப்பம். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனை மாதிரி எடுத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. வந்த பதில்: ஆஸ்திரேலியாவின் சொந்தக் காட்டு விலங்கான டிங்கோ, கலப்பே இல்லாத மலைநாட்டு வகை. வாண்டி என்ற பெயரோடு அது இப்போது டிங்கோ சரணாலயத்தில் வாழ்கிறது.

வாண்டி வளர்ந்து ஆட்டுப்பண்ணைப் பக்கம் போயிருந்தால் காட்டுநாய் என்று எழுதி விஷம் வைத்திருப்பார்கள். காட்டுநாய் என்ற சொல்லுக்குள் டிங்கோவையும், ஓடிப்போன வீட்டு நாயையும், இரண்டின் கலப்பையும் ஒன்றாகப் போட்டுக் கட்டி, 1080 என்ற விஷத்தை இரையில் வைத்துக் கொல்வது அங்கே பல காலமாக நடக்கும் முறை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, நாடு முழுக்கச் சேகரித்த 5,039 மாதிரிகளின் மரபணுவை எடுத்துப் பார்த்தது. அவற்றில் ஊர் நாயிலிருந்து காடேறியவை 31 மட்டும். மற்றதில் மிகப் பெரும்பாலானவை டிங்கோ, அல்லது டிங்கோ இரத்தம் மிகுந்தவை. காட்டுநாய் என்று பெயர் சூட்டிக் கொன்றது பெரும்பாலும் அந்த மண்ணின் சொந்த விலங்கை.

இந்தியாவிலும் நாய்க்கும் ஓநாய்க்கும் இடையிலான கோடு மங்கிவருகிறது. புணே அருகே புல்வெளிகளில் ஓநாய்களைக் கவனித்துவந்தவர்கள், கூட்டத்தில் சில விலங்குகளின் நிறம் வித்தியாசமாக வெளுத்திருப்பதைக் கண்டார்கள். மாதிரிகளைப் பெங்களூர் ஆய்வகத்தில் பரிசோதித்தபோது ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பு என்று மரபணு சொன்னது. 2023-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. நாட்டில் மிச்சமிருக்கும் ஓநாய்கள் சுமார் 3,100. தெருநாயின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி. இங்கே நாயைக் காட்டிலும் ஓநாய்க்குத்தான் ஆபத்து. தன் பெயரையே இழக்கிற ஆபத்து.

சில நேரம் வியாதியும் கண்ணை ஏமாற்றும். 2022 ஜனவரியில் பென்சில்வேனியாவில் ஒரு பெண், அக்கம்பக்கத்து நாய் அடிபட்டு வந்திருக்கிறது என்று எண்ணிப் பனியில் பதிந்த தடத்தைத் தொடர்ந்து போனார். தன் வீட்டு வாசலிலேயே நடுங்கிக்கொண்டு நின்றது அது. உடம்பில் முடி இல்லை, முழுக்கச் சொறி. சொறிப் பூச்சி பிடித்தால் நாயும் கொயோட்டியும் ஒரே மாதிரி ஆகிவிடும். தோல் தடித்து, சுருங்கி, எலும்பு துருத்தி, அடையாளமே அழிந்துவிடும். வனவிலங்கு மறுவாழ்வு மையத்தினரும் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான் என்று ரேபிஸுக்கான எச்சரிக்கையோடு மருந்து கொடுத்தார்கள், மாதிரியை அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் அது கூண்டையும் சன்னலையும் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டது. அப்புறம் வந்த தாளில் கொயோட்டி என்று இருந்தது.

விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலரின் வேலை சுலபம் என்று யாரும் சொல்ல முடியாது. அரைகுறைத் தகவலோடு போன் வரும். பயந்துபோன ஜனங்கள் சுற்றி நிற்பார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கும். இருட்டில் எரிகிற இரண்டு கண் மட்டும் தெரியும். அங்கே விட்டுக்கொடுத்து ஒரு குழந்தை கடிபட்டால் அந்தப் பழி அவர் தலையில்தான் விழும். அதனாலேயே அவர் கையில் முதலில் இருக்க வேண்டியது மைக்ரோசிப் படிக்கிற கருவி. நாயின் தோள்பட்டைத் தோலுக்கடியில் அரிசி அளவில் இருக்கிற சிப், 15 இலக்க எண்ணைச் சொல்லிவிடும். எண் இருந்தால் வீடு இருக்கிறது. வளர்க்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஓநாய்போல இருக்கிற நாயை வைத்திருப்பவர் அதற்குச் சிப் போடாமல், கழுத்தில் பெயரும் போன் நம்பரும் மாட்டாமல், வேட்டைப் பருவத்தில் அவிழ்த்து விடுவது நாயை நேசிப்பதாகாது. வேட்டைக்காடு உள்ள ஊர்களில் இப்போது பலர் நாய்க்குப் பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டித்தான் வெளியே கூட்டிப்போகிறார்கள். லிட்டில் டேவின் கழுத்து விளக்கு போதாமல் போனதை நினைத்தால், அந்தச் சட்டையை எவ்வளவு பெரிதாகத் தைத்தாலும் தகும்.

2021-ல் பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லில், வக்காரியா என்ற ஊர் அருகே கார் மோதிய ஒரு விலங்கை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பெண். கறுத்த அடர்முடி, பெரிய காது. எந்த வார்டில் போடுவது என்பதில் பிரச்சினை ஆரம்பித்தது. நாய் என்று நினைத்து நாய்களோடு வைத்தார்கள். வைத்த நாய்த் தீனியைத் தொடவில்லை. உயிருள்ள எலியைக் கொடுத்தார்கள், தின்றது. காட்டு விலங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆனால் அது குரைத்தது, நாயைப்போல.

குரோமோசோமை எண்ணிப் பார்த்தார்கள். நாய்க்கு 78. அங்கத்திய பாம்பாஸ் நரிக்கு 74. இதற்கு 76. தாய் நரி, தந்தை நாய் என்று மரபணு காட்டியது. உலகில் அப்படி ஒன்று பதிவானது அதுவே முதல் முறை. நாய்க்கான ஆங்கிலச் சொல்லான டாக் என்பதையும், அந்த நரியின் உள்ளூர்ப் பெயரான கிரஷயிம் என்பதையும் சேர்த்து டாக்ஸிம் என்று பெயர் வைத்தார்கள். காயம் ஆறும் வரை அது ஆட்களிடம் அதிகம் நெருங்கவில்லை, கடிக்கவும் இல்லை. பின்னர் ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்குப் போனது. 2023-ல் டாக்ஸிம் இறந்துவிட்ட செய்தி வெளியே வந்தது.

அந்த மருத்துவமனையில் அதைக் கவனித்துக்கொண்டவர்கள் சொன்ன ஒன்று உண்டு. எந்தப் பிரிவு என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்த அந்த வாரங்களில், மெல்ல மெல்லப் பயம் தெளிந்து, சில நாள் அது தொட விட்டது. பொம்மையைக் கொடுத்தால் விளையாடியது.